நான்காம் நாள் பத்தியம்

றக்வான மலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தின் தகரக் கூரையில் மாலை மழை விடாமல் விழுகிறது. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த பேச்சாயி ஈரச் சேலையோடு அடுப்பு முன் குந்தியிருக்கிறாள். சட்டியில் எட்டுச் சுண்டு தண்ணீர் ஒரு சுண்டாக வற்ற வேண்டும். சுக்கும் கொத்தமல்லியும் கொதிக்கிற வாசம் காம்பரா அறை முழுவதும் நிற்கிறது. அவள் புருஷன் இருளப்பன் சாக்கில் சுருண்டு படுத்தபடி சட்டியையே பார்க்கிறான். கணையத்தில் வீக்கம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன வலி, இந்த வருஷத்தில் மூன்றாம் தடவையாக வந்திருக்கிறது. வலி விடும்வரை கசாயம் மட்டும், விட்டபிறகு அரிசிக் கஞ்சி என்று சிங்கள வைத்தியரான வெதமாத்தயா சொல்லி இன்றோடு நான்கு நாள். எழுபத்துநான்காம் வருஷப் பஞ்சத்தில் அரிசிக்கு எங்கே போவது? கூப்பனுக்குக் கிடைத்த மாவில் சுட்ட ஒரே ஒரு ரொட்டி தட்டில் இருக்கிறது. அதன் எதிரே இரண்டு மகள்களும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

“வலி விட்டுருச்சாங்க? விட்டிருந்தா ரொட்டிய ஊறவச்சுக் கரைச்சுத் தாரேன்.”

வலி நேற்றுக் காலையிலேயே விட்டுவிட்டது. அது இருந்த இடத்தில் இருளப்பன் கையை வைக்கிறான்.

“இல்ல புள்ள. இன்னும் இருக்கு.”

பேச்சாயி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ரொட்டியை இரண்டாகப் பிய்த்து மகள்களிடம் கொடுக்கிறாள். பிறகு கசாயத்தை இரண்டு கோப்பைகளில் ஊற்றி, ஒன்றை அவனிடம் நீட்டிவிட்டு, மற்றதைத் தான் குடிக்கிறாள்.