ஒயரோடு ஓடியவர்

"அவனைப் பிடிங்க, விட்டுடாதீங்க!"

வலது கை முழங்கை வரை சிவப்பாக, இடது கையில் ஒரு கறுப்பு ஒயர் தொங்க, செருப்புகூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தார் ஓவியரம்மா. ரத்தம் என்று நினைத்து இரண்டு பேர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

அது பெயின்ட். மாலைக்குள் ஒரு புத்தகத்துக்கு அட்டைப்படம் வரைந்து கொடுக்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று பதிப்பாளர் சொல்லியிருந்தார். அதைச் சொல்வதற்கே காலையிலிருந்து ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் ஓய்ந்தால் அண்ணி. குழைத்த சிவப்பு குழைத்தபடியே காய்ந்து போக, தாள் மட்டும் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டு, அலறிக்கொண்டிருந்த போனை அள்ளிக்கொண்டு போனது. ஓவியரம்மா உடனே கத்தவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, சிக்கலைப் பிரித்து, ஒயரை எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார்.

தெருமுனையில் சலூன்காரர் திருடனை மடக்கிவிட்டார். பாதி ஷேவிங்கில் எழுந்து வந்த வாடிக்கையாளர், நுரை முகத்தோடு அவன் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார்.

"கட்டிப் போட ஒயர்கூட எடுத்துட்டு வர்றாங்க பாரு. வெவரமான அம்மா," என்றார் சலூன்காரர்.

திருடன் அழாத குறை. மணியடித்தே காட்டிக் கொடுத்துவிடுமே என்று ஓடும்போதே அழைப்பை எடுத்துத் தொலைத்திருக்கிறான். அண்ணி தன் வீட்டு ஃபிரிட்ஜ் ரிப்பேரான கதையை ஆதியிலிருந்து ஆரம்பிக்க, 'ம்' கொட்டிக்கொண்டே ஓடியதில் கால் பின்னி மாட்டிக்கொண்டானாம்.

"நீங்களே வெச்சுக்கோங்கக்கா. அவங்க இன்னும் லைன்லதான் இருக்காங்க," என்று, ஓடி வந்துகொண்டிருந்த ஓவியரம்மாவுக்குத் தன் சட்டைப் பையைக் கண்ணால் காட்டினான்.

ஓவியரம்மா மூச்சு வாங்கியபடி வந்து நின்றார். கட்டுவதற்கு வசதியாக நுரைமுகக்காரர் திருடனின் மணிக்கட்டுகளைச் சேர்த்துப் பிடித்துக் கொடுத்தார்.

ஓவியரம்மா ஒயரைப் பதமாகச் சுருட்டினார். போன் இருந்த அதே சட்டைப் பையில் அதையும் செருகி, பெயின்ட் படாத கையால் அவன் தோளைத் தட்டினார்.

"சார்ஜர் தம்பி. சாயங்காலம் வரைக்கும் நீயே 'ம்' கொட்டிட்டு இரு, போன் ஆஃப் ஆச்சுன்னா எல்லாரும் வீட்டுக்கே வந்துடுவாங்க."