றப்பர் இறால்

குருக்கள்மடத்துக் கடலில் வெயில் இப்போதுதான் ஏறுகிறது. சாமித்தம்பி அலை கால் நனைக்கும் கரையில் நின்று தங்கூசி நூலைக் கைக்குக் கை மாற்றி இழுக்கிறார். தூண்டில்முள்ளில் மாட்டிய றப்பர் இறாலை நிசமென்று நம்பிக் கவ்விய பாரையொன்று ஈரமணலில் வந்து விழுந்து வாலை அடிக்கிறது. அதைக் காலால் அமத்திக்கொண்டு, பொலித்தீன் பையில் சுற்றிய போனை மடியிலிருந்து எடுத்து, மீன் பட்டதும் எப்போதும் அழைக்கிற மனைவியின் நம்பரை அழுத்துகிறார். "கண்ணகை, பாரை பட்டிருக்கு. தேங்காயத் திருவி வை."  அந்தப் பக்கத்திலிருந்து மகள் தக்ஷாயினியின் குரல் வருகிறது. "அப்பா, அம்மா செத்த முப்பத்தோராம் நாள் காரியம் இன்னும் வரல்லயே. அது வரைக்கும் வீட்டுல மீன் ஆக்கப்படாதுதானே." "ஓம்," என்கிறார். "ஓம் மகள்." போனை மறுபடியும் பொலித்தீனில் ஒழுங்காகச் சுற்றி மடியில் செருகுகிறார். மீனைக் கழற்றி அலையில் விடுகிறார். அது ஒரு கணம் சரிந்து மிதந்துவிட்டுப் போய்விடுகிறது. கையில் செதில் ஒட்டியிருக்கிறது. றப்பர் இறாலின் வயிற்றில் பல்லுப் பட்ட இடத்தை விரலால் தடவிப் பார்க்கிறார். அதிலிருந்து தூண்டில்முள்ளை மட்டும் உருவி மணலில் குத்திவைக்கிறார். தங்கூசியில் கட்டிய முள்ளில்லாத இறாலை அலைக்கு அப்பால் வீசிவிட்டு, மறுமுனையை விரலில் சுற்றிக்கொண்டு நிற்கிறார்.