லமாருக்குக் கல்யாணம்

"யாரும்மா நீ? புதுசா வந்த நர்ஸா?"

தட்டை மேசையில் வைத்த வெர்னாவை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டாள் ஒசெல்லா.

"நான்தாம்மா, வெர்னா. உன் பொண்ணு." தினமும் மூன்று வேளையும் சொல்கிற பதில் அது.

"எனக்கேது பொண்ணு," என்றபடி ஒசெல்லா கரண்டியை எடுத்தாள். பன்றிக்கறித் துண்டு போட்டு வேகவைத்த அவரைப்பயறு, பக்கத்தில் சோள ரொட்டி. ஒரு வாய் வைத்ததுமே முகம் சுளித்தாள். "உப்பே இல்ல. நேத்தே சொன்னேன்ல."

வெர்னா உப்பு ஜாடியை அம்மாவின் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தாள். மணி நாலுதான் ஆகியிருந்தது. ஜார்ஜியாவின் ஜூன் வெயில் இன்னும் சமையலறை ஜன்னலை விட்டுப் போகவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஐம்பதை நெருங்கும் வயதில், வெர்னாவுக்கு ஒரு கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை லமார், கோழி இறைச்சி ஆலையில் லாரி ஓட்டியவர். மனைவியை இழந்தவர். பெத்தேல் சர்ச் பாடகர் குழுவில் அவர் பக்கத்து வரிசையில் நின்றுதான் வெர்னா பாடுவாள். சவானா துறைமுகத்தில் அவருக்கு நல்ல வேலை கிடைத்திருந்தது. கல்யாணத்தை முடித்துக்கொண்டு இருவரும் அங்கேயே போய்விடுவதாகப் பேச்சு.

பத்திரிகை அச்சாகி வந்த வாரம், காலைச் சாப்பாட்டின்போது ஒசெல்லா நிமிர்ந்து பார்த்து, "யாரும்மா நீ?" என்றாள். அன்றிலிருந்து மகளின் பெயர் அவள் வாயில் வரவேயில்லை. "வயசாயிட்டா சிலருக்கு இப்படித்தான்," என்று டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"அம்மாவையும் நம்மோடயே கூட்டிட்டுப் போயிடலாம் வெர்னா," என்றார் லமார். காரில் ஏற்றப் போனபோது ஒசெல்லா கதவைப் பிடித்துக்கொண்டு, "என்னைக் கடத்திட்டுப் போறாங்க," என்று தெருவே கூடும்படி கத்தினாள். கல்யாணம் நின்றுபோன பிறகும் அந்த மனுஷன் விடவில்லை. மாதம் இரண்டு முறை, சவானாவிலிருந்து மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, வாசல் படியில் வெர்னாவோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்.

போன வருஷம் ஈஸ்டருக்கு வெர்னாவே சொல்லிவிட்டாள். "இனிமே வராதீங்க லமார். உங்களுக்கும் ஒரு துணை வேணும்."

"உன்னை யாருன்னே தெரியாதவங்களுக்காகவா?"

"அம்மாவுக்குத்தான் என்னைத் தெரியல. எனக்கு அம்மாவைத் தெரியுதே."

இன்றைக்கு லமாருக்கும், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் கிளாடெட்டுக்கும் கல்யாணம். விருந்து மேசைக்கான வெள்ளை விரிப்புகள் பதினான்கையும் இஸ்திரி போட்டுக் கொடுத்தது வெர்னாதான். ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் அவள்தான் போட்டுக் கொடுப்பாள். சர்ச் பெண்கள் வழக்கம்போலக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அவளுக்கும் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பகல் பன்னிரண்டுக்குச் சர்ச் மணி அடித்தபோது அவள் தரையில் உட்கார்ந்து அம்மாவின் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள்.

வலைக்கதவு கிறீச்சிட்டது. அம்மாவின் பழைய தோழி பியூலா, கல்யாணத் தொப்பியைக்கூடக் கழற்றாமல், வெள்ளித்தாளில் சுற்றிய பொட்டலத்தோடு உள்ளே வந்தாள்.

"கேக் கொண்டு வந்தேன். உனக்கும் அம்மாவுக்கும்."

"அங்க வைங்க பியூலாம்மா. விரிப்பெல்லாம் சரியா இருந்துச்சா?"

"விரிப்பைப் பத்தி இப்ப யாரு கேட்டா? பாட்டு ஆரம்பிச்சப்ப குழுவுல உன் இடத்தை அப்படியே காலியா விட்டிருந்தாங்க. நான் அந்தப் பக்கமே திரும்பல."

வெர்னா பாத்திரத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"லமார் உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னான்."

"என்னவாம்?"

"நீ நல்லா இருக்கணுமாம். அவ்வளவுதான். அதைச் சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டான்."

வெர்னா குழாயைத் திறந்துவிட்டாள். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள். பியூலா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தபடி நின்றாள்.

"யாருக்குக் கல்யாணம்?" என்று மேசையிலிருந்து குரல் வந்தது.

பியூலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். "நம்ம லமாருக்கு, ஒசெல்லா. அவனை ஞாபகம் இருக்கா உனக்கு?"

ஒசெல்லா கரண்டியைக் கீழே வைத்தாள். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சு, ரெண்டு பேரும் கையெழுத்தும் போட்டாச்சு. சவானாவுக்குக் கிளம்பியே போயாச்சு."

ஒசெல்லா துண்டை எடுத்து வாயை நிதானமாகத் துடைத்தாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இனிமே எவனும் வர மாட்டான். கேக்கைப் பிரி, வெர்னா."