முதல் லோடு

"நாம ரெண்டே பேரு. நமக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய வண்டி? சின்னக் கார் போதாதா?"

பிக்கப் வாங்கிய நாளிலிருந்து மனைவி அவரைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

இன்றுதான் அதன் பின்பக்கம் நிறைந்தது. பீரோ, தையல் மெஷின், துணி மூட்டைகள். மைத்துனன் மேலே நின்று வாங்கி அடுக்க, அவரே ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தார். கயிற்றை இழுத்துக் கட்டியதும் அவரால் வாயை அடக்க முடியவில்லை.

"பார்த்தியா? சின்னக் கார்ல இதெல்லாம் ஏத்தியிருக்க முடியுமா?"

அவள் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அவர் மறுபக்கக் கதவைத் திறக்கப் போக, மைத்துனன் குறுக்கே வந்தான்.

"சாவியைக் குடுங்க மாமா. அக்காவை அம்மா வீட்ல விட்டுட்டு, நாளைக்கு வண்டியைக் கொண்டாந்து விட்டுர்றேன்."

"வண்டி மட்டும்தான் வருமா?"

அவன் அவர் முகத்தைப் பார்க்காமல் சாவிக்குக் கையை நீட்டினான்.

சாவியைக் கொடுத்துவிட்டு, அவரே போய் கேட்டை அகலத் திறந்துவிட்டார்.