உப்பளத்துக் கால்

மூன்றாவது தடவையும் ஊசி உள்ளங்காலில் இறங்கியது. அம்சவல்லிக்கு ஒன்றும் தெரியவில்லை.

“தெரியுதாம்மா?” என்றாள் டாக்டர். தெரிந்தால் சொல்ல மாட்டாளா?

மாதம் ஒரு தடவை மரக்காணம் ஆஸ்பத்திரிக்கு வரும் நரம்பு டாக்டர் அவள். சின்ன வயசுதான். ஆடி மாசம் அம்சவல்லிக்கு இரண்டு காலும் விழுந்துபோனபோது இவள்தான் பார்த்தாள். நரம்பைச் சுற்றி ஓர் உறை உண்டாம், கரண்டு ஒயருக்கு இருப்பதுபோல. அது அங்கங்கே அரித்துப்போய்விட்டதாம். மூளையே ஆள் அனுப்பிப் புது உறை சுற்றிக்கொள்ளும், பழசைவிட மெல்லிசாக இருந்தாலும் வேலை செய்யும், ஆனால் எல்லாருக்கும் சுற்றாது, ஆறு மாசத்தில் தெரிந்துவிடும் என்று சொல்லியிருந்தாள்.

இப்போது தை பிறந்துவிட்டது.

கால் மரத்த அன்றைக்கே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. உப்பில் நிற்கிற கால் மரத்துப்போவது என்ன அதிசயமா? உப்பளத்தில் யாருக்குத்தான் மரக்கவில்லை? அப்படி நினைத்துக்கொண்டு மூன்று வாரம் உப்பு வாரினாள். வரப்பில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்த பிறகுதான் புத்தி வந்தது.

டாக்டர் நோட்டில் எழுதினாள். உறை வளரவில்லை போலிருக்கிறது, இனிமேல் கோலோடுதான் நடக்கணும், உப்புப் பாத்தியில் இறங்குகிற எண்ணத்தை விட்டுவிடு என்றாள். அம்சவல்லிக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

பக்கத்தில் நின்ற புருஷன் ராஜவேல், இருபது வருஷம் உப்புத்தண்ணியில் ஊறிக் காய்த்துப்போன தோல் அது, ஊசி எப்படித் தெரியும் என்றான். டாக்டர் தலை நிமிரவில்லை.

ராஜவேல் செருப்பைக் கழற்றினான். காலைத் தூக்கி மேசைமேல் வைத்தேவிட்டான். அட மனுஷா, டாக்டர் மேசைமேலா!

“எனக்கும் குத்திப் பாருங்கம்மா. உப்பளத்துக் காலு எல்லாமே இப்படித்தாங்க இருக்குது.”

டாக்டர் புது ஊசி பிரித்துக் குத்தினாள். அவன் அசையவில்லை. இன்னும் அழுத்தினாள். குத்தியாச்சுங்களா என்று கேட்டான்.

டாக்டர் யோசித்தாள். இன்னோர் ஊசியை எடுத்து, அம்சவல்லியின் கால்விரல் இடுக்கில், காய்க்காத மெல்லிய தோலில் வைத்தாள்.

“ஐயோ!”

அம்சவல்லி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். டாக்டர் சிரித்துவிட்டாள். எழுதியதை அடித்தாள். உறை சுற்ற ஆரம்பித்துவிட்டது, இந்த சீசன் வேண்டாம், அடுத்த சீசனுக்குப் பார்க்கலாம் என்றாள்.

வெளியே வந்ததும் ராஜவேல் நொண்டினான். செருப்பில் ஒரு பொட்டு ரத்தம்.

கோலை ஊன்றி நின்ற அம்சவல்லிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உப்பு லாரி ஓட்டுகிற மனுஷன். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடப் பாத்திக்குள் காலை வைத்தவன் இல்லை.