ஜன்னலுக்கு என்ன விலை?

“ஒரு ஜன்னலுக்குத் தொள்ளாயிரம்” என்றார் கண்ணாடிக்கடைக்காரர், வாய் கூசாமல்.

உள்மேசையில் எழுதிக்கொண்டிருந்த அவர் மனைவியின் பேனா நின்றுவிட்டது.

விலை கேட்டு நின்றவள் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்தவள். அக்கரை வேறு நாடு. அங்கே போர் நடந்து, ஓய்ந்து, இப்போதுதான் வீடுகளைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாதி ஊருக்கு ஜன்னலில் கண்ணாடி கிடையாது.

இக்கரையோ, அந்தப் போரே வேண்டாம் என்று கடைசிவரை சொன்ன நாடு. அப்படிச் சொன்னவர்களில் முன்வரிசை, கண்ணாடிக்காரரின் மனைவி. போர் எதிர்ப்புச் சங்கத்தின் செயலாளர். தெருவே அவளைச் செயலாளரம்மா என்றுதான் கூப்பிடும். வீட்டில் கோபம் வந்தால் கணவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அவள் எழுதிக்கொண்டிருந்தது அன்று சாயங்காலக் கூட்டத்துக்கான தீர்மானம். ‘போரை எதிர்த்த நாம், அதன் இடிபாடுகளில் ஒரு காசும் லாபம் பார்க்க மாட்டோம்.’ மை காயவில்லை. அதற்குள் சொந்தக் கடையிலேயே தொள்ளாயிரம்!

சுவரெல்லாம் சாய்த்து வைத்த கண்ணாடிகளில் மேகம் போய்க்கொண்டிருந்தது. நடுவே நின்ற அக்கரைக்காரி ஏழெட்டுப் பேராகத் தெரிந்தாள். அந்த ஊரே கடைக்குள் வந்து சத்தமில்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது செயலாளரம்மாவுக்கு. மனசு கரைந்துபோயிற்று.

“என்னண்ணே, கண்ணாடி கேட்டா வைர விலை சொல்றீங்க? அறுநூறு வச்சுக்கங்க” என்றாள் அக்கரைக்காரி.

“அறுநூறுக்குக் கண்ணாடியில மூஞ்சியைப் பார்த்துட்டுப் போகலாம்.”

“ஏங்க!” என்று உள்ளேயிருந்து ஒரு குரல். கண்ணாடிக்காரர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

“அளவு கொண்டுவந்தியா?”

அவள் பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து மேசைமேல் நீட்டினாள். “முதல் முடிச்சு வரைக்கும் அகலம். அடுத்த முடிச்சு வரைக்கும் உயரம். ரெண்டு ஜன்னலும் ஒரே அளவுதான். ரெண்டும் ஆத்தைப் பார்த்தது. காலையில தண்ணி வெளிச்சம் உள்ளே வந்து கூரையில ஆடும். இப்போ சாக்கு கட்டி வச்சிருக்கேன். பகல்லயே இருட்டு.”

செயலாளரம்மாவுக்கு அந்தக் கூரை கண்ணுக்குத் தெரிந்தது. அதில் வெளிச்சம் தொட்டில் மாதிரி போய்ப் போய் வந்தது. கீழே யாரோ படுத்துக்கொண்டு அதையே பார்க்கிறார்கள். எழுந்திருக்க மனசில்லை அவர்களுக்கு. இவளுக்கும்தான்.

“ஆத்துப் பக்கமா? காத்து மொத்தும். தடிச்ச கண்ணாடிதான் தாங்கும். தொள்ளாயிரத்தைம்பது!”

அடப்பாவி, ஏற்றுகிறாரே!

மூக்குக்கு மேல் கோபம் வந்தது அவளுக்கு. விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

“நீ எதுவும் குடுக்க வேணாம்மா. சங்கத்துல சொல்லி ரெண்டு ஜன்னலுக்கும் இலவசமாவே போட்டுத் தர்றோம். அப்படி அந்தக் கண்ணாடிப் பக்கத்துல நில்லு. ஒரே ஒரு போட்டோ. சாயங்காலம் கூட்டத்துல காட்டணும்.”

அக்கரைக்காரி கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டாள். கண்ணாடிப் பக்கத்தில் போய் நின்றாள். யாரும் சொல்லாமலே தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.

கண்ணாடிக்காரர் குறுக்கே வந்து நின்றார்.

“செயலாளரம்மா, இது வியாபாரம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இந்தா பாரும்மா, எண்ணூத்தைம்பது. அதுக்கு மேல இறங்க மாட்டேன்.”

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். “எழுநூறு. ரெண்டாச் சேர்த்து எடுக்கறேன்ல?”

“எழுநூறுக்குக் குடுத்துட்டு நான் கடையைப் பூட்டிட்டுப் போகவா?”

“பூட்டுங்க. அதுக்கு முன்னாடி என் ஜன்னலை வெட்டிக் குடுத்துடுங்க.”

கண்ணாடிக்காரர் சிரித்துவிட்டார். அவளும்தான். இழுத்துப் பறித்து எழுநூற்றைம்பதில் நின்றது. வண்டிக்கூலி கடையின் பொறுப்பு என்று அதையும் பேசி வாங்கிக்கொண்டு, கயிற்றை மறுபடி எடுத்துக் கண்ணாடியில் அளவு குறிக்க வைத்து, பணத்தை வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

அவள் தலை மறைந்ததுதான் தாமதம்.

“உங்க நெஞ்சுல ஈரம் இருக்கா? ‘போர் வேணாம்’னு தெருத்தெருவா பேனர் பிடிச்சீங்களே, அதுவும் நடிப்பா? குண்டு விழுந்த வீட்டுக்காரிகிட்ட லாபமா?”

“உள்ளே வந்ததும் அவ என்ன கேட்டா?”

“என்ன கேட்டா?”

“ஜன்னலுக்கு என்ன விலைன்னு கேட்டா. விலை கேட்டவளுக்கு விலையைத்தானே சொல்லணும்?”

“நல்லா இருக்கு நியாயம்! சாயங்காலம் நான் எந்த முகத்தோட அந்தத் தீர்மானத்தைப் படிக்கறது?”

அவர் கயிற்றளவைக் குறித்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். செயலாளரம்மா மேசைமேல் இருந்த பணத்தை அப்படியே அள்ளிக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினாள்.

முனையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள் அக்கரைக்காரி. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அழவைத்தே அனுப்பிவிட்டார், மனுஷனா அவர்!

“இந்தாம்மா, பிடி. ஜன்னல் தானா வந்து சேரும். அவர் கறார் பேர்வழி, பேசினதை மனசுல வச்சுக்காதே.”

அக்கரைக்காரி பணம் இருந்த அந்தக் கையை மெல்ல மூடி, அவளிடமே தள்ளினாள்.

“வச்சுக்கங்கக்கா. இது தையல் வேலையில கிடைச்ச என் முதல் சம்பளம். இத்தனை நாளா மாவு, போர்வை, பாத்திரம் எல்லாம் சும்மாவே வருது. குண்டு போட்டவங்களும் சும்மா குடுக்கறாங்க, வேணாம்னு சொன்னவங்களும் சும்மா குடுக்கறாங்க. நாங்களும் வரிசையில நின்னு, போட்டோவுக்கு நின்னு, வாங்கிக்கறோம்.”

“அப்புறம் ஏம்மா அழறே?”

“சண்டை முடிஞ்சதுக்கப்புறம் என்கிட்ட விலை சொன்ன முதல் ஆளு, உங்க வீட்டுக்காரர்தான்கா.”