வரிசையில் நிற்கும் செருப்புகள்

பட்டா கொடுக்கும் அலுவலகத்துக்கு முதல் ஆளாக வந்த ரஞ்சிதம், தன் செருப்பை வரிசையில் விட்டுவிட்டுப் புங்கமர நிழலில் ஒதுங்கினாள்; பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். வெயில் அப்படி. சன்னல் திறந்து, "நகருங்க" என்று உள்ளிருந்து குரல் வந்ததும் செருப்புகள் தாமாகவே ஓரடி முன்னால் நகர்ந்தன. ஜனம் சிரித்தது. கால்வலி மிச்சம் என்றுகூட ஒருவர் சொன்னார்.

பிறகு ஒரு கார் வந்தது. டிரைவர் இறங்கி, பளபளக்கும் ஷூ ஒரு ஜோடியைக் கொண்டுவந்து எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தான். யாரும் சொல்லாமலே செருப்புகள் பின்வாங்கி இடம் விட்டன. ஊக்கு குத்திய வாரோடு ரஞ்சிதத்தின் செருப்பு மட்டும் ஒரேயடியாகக் கடைசியில் போய் நின்றது. அவளுக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் அதை எடுக்கக் குனிந்தாள். வாட்ச்மேன் தடியைக் குறுக்கே நீட்டினான்.

"தொடாதம்மா. வரிசையில நிக்குது."

"என் செருப்புய்யா அது. நான்தானே நிக்கணும்?"

"நீ எதுக்கு? அது சொன்னபடி கேக்குதுல்ல."

"நான் கேக்க மாட்டேன்" என்றாள்.

சன்னலுக்குள்ளிருந்து அதே குரல், இந்த முறை மெதுவாக, "தள்ளி நில்லுங்க" என்றது.

ரஞ்சிதம் குனிந்து பார்த்தாள். அவளுடைய வெறுங்கால்கள் ஓரடி பின்னால் போயிருந்தன.